லவுடு அண்ணன் வாயை மூடிய கூட்டம்

சாயப்பட்டறைத் தொழிலாளர் சங்கம் லவுடு அண்ணனின் தங்கைக்கு ஒரு நாள் கூலி கடன்பட்டிருந்தது. ஒருவருடைய கூலி அல்ல, உறுப்பினர் ஒவ்வொருவருடைய கூலியும். வேலையில் ஒருவன் செத்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு நாள் கூலியைச் சேர்த்து அவன் வீட்டில் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். தங்கையின் புருஷன் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கி, நெடி ஏறி உள்ளேயே விழுந்து செத்தவன். ஆனால் கடைசி மாதங்களில் அவன் சந்தா கட்டவில்லை என்று செயலாளர் கையை விரித்தார். பொதுக்கூட்டத்தில் பாதிக்கு மேல் கை தூக்கினால் பார்க்கலாம் என்றார்.

"கை தூக்க வைக்கணும், அவ்வளவுதானே? எங்கிட்ட விடுங்க," என்றார் அண்ணன்.

வெட்டிப் பேச்சில்லை அது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். போர்வை மூட்டையைத் தோளில் சுமந்து, நடைபாதையில் கூவிக் கூவியே கடை வைத்தவர்; கடைக்கு மேல் மாடியும் எழுப்பியவர். லவுட் ஸ்பீக்கர் தொண்டையால்தான் 'லவுடு' என்ற பட்டப்பெயரே வந்தது; அவர் வாயைத் திறந்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவனும் நின்று கேட்பான். பட்டம் வாங்கியவன் எவனாவது அப்படி நிறுத்திக் காட்டட்டும் பார்க்கலாம்! அந்தப் பணத்தைத் தானே கொடுத்துவிட அவருக்கு ஒரு நொடி ஆகாது. தங்கைதான் மறுத்துவிட்டாள்.

"உன் காசு வேணாம்ணே. சங்கத்துல எவன் செத்தாலும் எம் புருஷன் தன் கூலியைக் குடுத்தாரு. அவரு சாவுக்கு அது திரும்ப வரணும்."

கூட்டத்தன்று அண்ணன் தங்கை சார்பில் பேச, இஸ்திரி போட்ட சட்டையில் மேடையேறினார். முன்வரிசையில் கண் சொக்கிய ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க, வீட்டுல மெத்தை இல்லையா? நம்ம கடைக்கு வாங்க, விலையில பாத்துக்கலாம்!" சபை குலுங்கியது. அவருக்கு உற்சாகம் பிடிபட்டது. "என் மச்சான் சந்தா பாக்கி வெச்சிட்டாராம். எனக்கே பாக்கி வெச்சிட்டுத்தான் போயிருக்காரு! நான் என்ன தொட்டிக்குள்ள எறங்கியா வசூல் பண்ண முடியும்?"

சிரிப்பு, விசில், கைதட்டல். ஓட்டெடுப்பு என்றதும் அதே கைகள் மடியில் படுத்துக்கொண்டன. நாலைந்துதான் எழுந்தன. கதவோரம் நின்றிருந்த தங்கையைக் காணவில்லை. செயலாளர் மைக்கைத் தட்டி, அடுத்த மாதம் இன்னொரு தடவை கேட்கலாம், அதோடு சரி என்றார்.

அண்ணன் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. கயிற்றில் இன்னும் மச்சானின் லுங்கி. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நல்லாத்தான் பேசினேன். பயலுங்களுக்கு மனசில்ல."

"ஆமா, நல்லாத்தான் பேசுன. என் புருஷன் செத்ததுக்கு விசிலடிச்சாங்க."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போர்வை விக்கும்போது வெறும் வாயாலயா விக்கிற?" என்றாள். "மொதல்ல அவங்க கையில குடுத்துத் தடவிப் பாக்கச் சொல்லுவ. அப்புறம் பேசவே மாட்ட. அங்க என்னத்தக் குடுத்த?"

இத்தனை வருட வியாபாரத்தில் அவரை யாரும் அப்படி மடக்கியதில்லை. மச்சானின் உடலோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைக் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி எடுத்து வந்தாள். உள்ளே மச்சானின் ரப்பர் கையுறைகள்.

"எனக்குத் திரும்ப வேணும்ணே. அவரு வாடை இதுலதான் இருக்கு."

"என் தலையை அடகு வெச்சாவது கொண்டாந்துடறேன்."

அடுத்த கூட்டத்தில் அவர் மேடையேறவில்லை. கீழேயே நின்றார். "இதான் கம்பெனி குடுத்த பாதுகாப்பு," என்று மட்டும் சொல்லி, கையுறைகளை முன்வரிசைக்காரனிடம் நீட்டினார். "போட்டுப் பாத்துட்டுப் பக்கத்துல குடுங்க."

பிறகு வாயை மூடிக்கொண்டார். தொண்டைவரை வந்த வார்த்தைகளை விழுங்குவது மூட்டை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முன்வரிசைக்காரன் மாட்டினான். கிழிசல் வழியே மூன்று விரல்கள் வெளியே வந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதும் இப்பிடித்தான்டா இருக்கு," என்றான் பக்கத்தில் இருந்தவனிடம்.

கையுறைகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். செயலாளர் கேட்டு முடிப்பதற்குள் கைகள் எழுந்தன. நகக்கண்ணில் நீலமும் சிவப்புமாக, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சாயத்தோடு.

அண்ணன் ஜெயித்துவிட்டார். ஆனால் கையுறைகளில் ஒன்றுதான் திரும்பி வந்தது. நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினார். கூட்டம் கலைந்தபின் குப்பைக்கூடையையும் கவிழ்த்துப் பார்த்தார். இல்லை.

பணம் கொடுத்த அன்று சங்க அலுவலகத்தில் அவள் அந்த ஒற்றைக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்கண்ணே?"

தெருவையே நிறுத்திவைத்தவர் வெறும் கைகளை விரித்துக் காட்டினார். அவள் கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள். பொருளாளர் விரலை எச்சிலில் நனைத்து, சாயக்கறை படிந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவளுடைய விரித்த உள்ளங்கையில் வைத்தார்.