மகள் முடியை நேர்ந்துகொண்டேன்

அம்மனின் பிள்ளைகளே, கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு வருஷம் என் வீட்டுக்குள்ளேயே கைதியாக இருந்தேன். பூட்டியதும் நான்தான்.

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. கதவு திறந்தால் ஓடுவாள். பஸ் வருகிறதா, லாரி வருகிறதா, எதையும் பார்க்க மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வாயில் ஒரு சொல் கிடையாது. அதனால் கிரில் கேட்டை உள்ளே பூட்டி, சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. குளிக்கும்போதுகூட பாத்ரூம் கதவைத் திறந்து வைத்திருப்பேன். சில நாள் அவள் மேலேயே வெறுப்பு வரும். பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று அதற்கும் சேர்த்து அழுவேன்.

ஆவடியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு, எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, இவ ஒரே ஒரு தடவ என்னை அம்மான்னு கூப்பிட்டா போதும். இவ முடிய உனக்குத் தரேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் டப்பாவை நகர்த்தியபோது அந்தச் சீட்டு காலடியில் விழுந்தது. அம்மன் உத்தரவு என்றே எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன், என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கும் முன்பே எனக்குத் தெரியும், கொடுத்துவிடுவேன் என்று. அவர் சிரித்தார். "நீ குடுத்துகினே இருந்தா, அவ இன்னாத்துக்குமா கேக்கப் போறா?"

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தேன். தரையில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து விளையாடினேன். அவளுக்குப் பிடித்த பொரியைக் கண்ணாடி டப்பாவில் இறுக மூடி எதிரே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அழுவாள், அடிப்பாள். நான் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு பொறுத்திருப்பேன். மூன்றாவது மாதம் என் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தாள். ஆறாவது மாதம் என் தாடையைத் தொட்டு, "ம்மா" என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட இல்லை. நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்தது. தலையில் சீப்பு பட்டாலே வாந்தி எடுக்கும்வரை கத்துகிற பிள்ளை அவள். மொட்டை போடாவிட்டால் அம்மன் அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வாளோ? போட்டால் என் மகள் மறுபடி என் பக்கம் வருவாளா? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீயே வழி காட்டு தாயே என்று அழுதுகொண்டேதான் ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முடி இறக்கும் அண்ணன் அவள் தலையை நனைத்தார். உடம்பு விறைத்தது. ஆனால் கத்தவில்லை. என்னையே பார்த்தாள்.

"ம்மா. வேணாம்."

அந்த அண்ணன் கத்தியை இறக்கிவிட்டு, "இன்னாமா பண்றது?" என்று கேட்டார்.

பேச வேண்டும் என்றுதானே இத்தனை நாள் அழுதேன்? இதோ பேசிவிட்டாள். அதைக் காதில் வாங்காமல் கத்தி வைத்தால் நான் என்ன தாய்? அம்மன் முகத்தைப் பார்த்தேன். மகளைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் பலகையில் உட்கார்ந்தேன். என் முடியை எடுக்கச் சொன்னேன். இடுப்புவரை இருந்த முடி. துளி வருத்தமில்லை.

இப்போது யாழினி பால்வாடிக்குப் போகிறாள், நானும் கூடவே உட்காருகிறேன். ஓட்டம் முழுதாக நிற்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், அம்மனிடம் அழுங்கள், டாக்டர் சீட்டையும் கையில் எடுங்கள். அதை அனுப்பியவளும் அவள்தான்.

யாழினிக்கு இருபது சொல் தெரியும். அதிகம் சொல்வது வேணாம்தான். சாதம் வேணாம், குளியல் வேணாம், அத்தை வேணாம். வீட்டுக்காரர் சலித்துக்கொள்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறேன்.