சனிக்கிழமைச் சாப்பாடு

என் கணவர் ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பீட்சா அடுப்போடு நின்றவர். ஊர் உலகமெல்லாம் சனி, ஞாயிறில் புருஷன் பெண்சாதியாக வெளியே போய்ச் சாப்பிடும். இவர் அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். நான் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அவர் வரும்வரை பசியோடு கிடப்பேன்.

"பென்சன் வரட்டும். ஒரு சனிக்கிழமை உன்னை மேசையில இருத்தி, நானும் பக்கத்தில இருந்து சாப்பிடுறன்" என்பார்.

"ஓம் ஓம், வாயாலேயே பீட்சா சுடுங்கோ" என்று நக்கலடிப்பேன்.

பென்சன் வந்தது. கூடவே மறதியும் வந்து தொலைத்தது. முதலில் கதவுத் திறப்பு வைத்த இடத்தை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் தெருவை மறந்தார். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கனகாலம்.

இனியும் பொறுத்தால் அந்தச் சாப்பாடு ஒருநாளும் நடக்காது என்று போன சித்திரையில் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு நல்ல சேர்ட்டைப் போட்டு, ரயிலேற்றிக் கொலோனுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஓர் இத்தாலியச் சந்தை இருக்கிறது. ஒரு பக்கம் சீஸ், ஒரு பக்கம் தொங்கவிட்ட பன்றித் தொடைகள், நடுவில் உணவகம். மாதாவே, திருவிழாச் சனம்! கால் கடுக்க நின்ற பிறகு, திறந்த சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை கிடைத்தது. அங்கே போய் இருந்ததுதான் நான் விட்ட பிழை.

சமையற்காரருக்கு ஓர்டர் துண்டு அடிக்கிற மெஷின் கிர்ரென்றது. இவர் விசுக்கென்று எழும்பி, மேசையில் கிடந்த கைதுடைக்கும் துணியை இடுப்பில் செருகினார்.

"என்னப்பா, இருங்கோ! நாங்கள் சாப்பிட வந்தனாங்கள்."

எங்கே கேட்டார்! எங்கள் தட்டுகளைக் கொண்டுவந்த பிள்ளையிடமிருந்து ஒன்றை வாங்கி, விளிம்பை அந்தத் துணியால் துடைத்து, என் முன்னால் வைத்தார். சனம் எல்லாம் பார்த்தது. பார்க்கட்டும். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவ்வளவு மலர்ந்த முகத்தை நான் எத்தனையோ மாதமாகப் பார்த்ததில்லை.

"சாப்பாடு எப்பிடி அக்கா, நல்லா இருக்கோ?" என்று கேட்டார்.

அக்காவாம். கட்டின பெண்சாதி அக்காவாகிவிட்டேன்.

"நல்லா இருக்கு. நீங்களும் இருந்து சாப்பிடுங்கோவன்."

"ஐயோ, ஏலாது அக்கா. நான் வீட்டை போய்த்தான் சாப்பிடுவன். மனிசி சாப்பிடாமல் பாத்துக்கொண்டிருப்பாள்."

அந்தச் சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளை ஓடிவந்து, சாப்பாட்டில் ஏதும் குறையோ என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டி, இரண்டு தட்டையும் கட்டித் தரச் சொன்னேன். நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை. எப்படிச் சாப்பிடுவது? என் மனிசன் இன்னும் வேலையால் வரவில்லையே.