கூட வந்து நின்ற குமுதா

குமுதா இறந்துபோன செய்தியை, அவளை அடைத்து வைத்திருந்த காப்பகத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாள்தான் கொண்டுவந்தார். தண்டலத்தில் மெயின்ரோட்டு டீக்கடை அருகே நானும் செல்வியும் நின்றிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த அம்மாள் கடைக்காரரிடம், "குமுதாவுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இங்க கீறாங்களா?" என்று கேட்டார். நாங்கள் அருகில் போனோம்.

"செத்துப்பூட்டாம்மா. காலையில மூச்சு இழுப்பு வந்துச்சு. மாத்திரை ஆபீஸ் ரூம்ல பூட்டிக் கீது. சாவி வெச்சிருக்கிற மேடம் வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

செல்வி அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு பெரிய மனுஷி ஒரு மாத்திரைக்காகவா போனாள் என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் பலருக்குக் குமுதாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேரப்பணஞ்சேரியில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தாள். லாரிகள் நிற்கிற இந்தச் சாலையில்தான் அவளுக்கும் எனக்கும் பிழைப்பு. எங்களைக் குறிக்க ஊரில் என்னென்ன சொற்கள் உண்டோ அத்தனையும் நீங்கள் அறிவீர்கள். அவள் ஒன்றைக்கூட ஏற்றுக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "வேலை செய்யறவங்க" என்பாள். எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டால், "பசி, வேற இன்னா?" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

ஒருமுறை பட்டணத்திலிருந்து சில பெண்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். எங்களுக்குத் தையல் கற்றுத் தருவதாகவும் இந்தப் படுகுழியிலிருந்து மீட்பதாகவும் சொன்னார்கள். குமுதா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "என்னியத் திருத்த வராதம்மா. போலீஸ் எங்கள இழுத்துக்கினு போறப்போ கூட வந்து நில்லு. அது போதும்." அவர்களில் ஒருவர் மட்டும் அதன்பிறகும் வந்துகொண்டிருந்தார்.

இந்த ஆண்டு மே மாதம் நம் ஊர்க் கூட்டத்துக்கு வந்த தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு எங்கு பார்த்தாலும் காக்கிச் சட்டை. சந்தேகம் என்று யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றானபோது முதலில் பிடிபட்டவர்கள் நாங்கள். அந்தச் சமயத்தில்தான் தனசேகர் என்கிற கம்பெனி சூப்பர்வைசர் செல்வியின் கையை முறித்தான். நிரோத் உறை போடாமல் முடியாது என்று அவள் சொன்னதுதான் காரணம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டதும் நான், புகார் கொடுக்கலாம் என்றேன்.

"ஸ்டேசனுக்குப் போனா உள்ள வெக்கறது செல்வியத்தான். கைய ஒடிச்சவன் அங்கயா கீறான்? அவன் கீற எடத்துக்குப் போவலாம்" என்றாள் குமுதா.

பகல் ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்றோம். வெளியே வந்த ஆண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள். தனசேகர் வந்ததும் குமுதா செல்வியின் கட்டுப்போட்ட கையை மெல்லப் பிடித்து அவன்முன் நீட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இத யாரு பண்ணது? நீயே சொல்லு. உன்கூட வேலை செய்யறவங்கல்லாம் கேக்கட்டும்."

அவன் திட்டினான். யாரும் நகரவில்லை. சிரிப்பும் மெல்ல அடங்கியது. கடைசியில் தரையைப் பார்த்தபடி, "நான்தான்" என்றான். இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொன்னான். குமுதா கேட்டது அவ்வளவுதான். அவனும் பிறகு வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, உதடு வீங்கிய ஒரு பெண் குமுதாவின் வீட்டைத் தேடி வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நான் தனசேகர் பொண்டாட்டி. மல்லிகா. கம்பெனி வாசல்ல கேட்டீங்களே, அத எனக்காவும் வந்து கேப்பீங்களா?"

குடும்பப் பெண்ணை நம்மோடு வைத்திருந்தால் ஊரே திரண்டு வருமே என்று குமுதாவின் காதில் சொன்னேன். அவள் மல்லிகாவைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனாள். பிறகு என்னிடம் வந்து, "அடி வாங்கறதுல குடும்பப் பொம்பள இன்னா, நாம இன்னா?" என்றாள். மல்லிகா அங்கேயே தங்கினாள். நாங்கள் முறை வைத்து வாசலில் காவல் உட்கார்ந்தோம். அவனுடைய ஆட்கள் இரண்டு தடவை வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஆனால் ஜீப் வந்தபோது எங்களால் தடுக்க முடியவில்லை. பெண்டாட்டியைத் தொழிலுக்குக் கடத்திவிட்டதாகத் தனசேகர் புகார் கொடுத்திருந்தான்.

"நானாத்தான் வந்தேன் சார்" என்று மல்லிகா கத்தினாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்" என்றார் அந்த அதிகாரி.

காப்பாற்றப்பட்ட மல்லிகாவை அன்றைக்கே புருஷனிடம் ஒப்படைத்தார்கள். குமுதாவைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அவளுடைய இழுப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு காவலர் அதை வாங்கிக்கொண்டு, "அங்கே எல்லாம் பார்த்துக்குவாங்க, போ" என்றார். அந்த மாத்திரைதான் ஆபீஸ் ரூமில் பூட்டியிருந்தது.

காப்பகத்தில் உடலைத் தரவும் மறுத்தார்கள். ரத்த உறவு வேண்டுமாம்.

"நீ அவளுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி" என்றாள் செல்வி. அடுத்து நின்றவளும் தங்கச்சி என்றாள். நானும் அதையே சொன்னேன். பட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணும், "நானும் தங்கச்சிதான்" என்றபோது கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாலையில்தான் உடலைக் கொடுத்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்றார்கள். அவளுக்கு எங்களைத் தவிர யார் இருந்தார்கள்? நாங்களே தூக்கிப் போனோம்.

பத்தாவது வரை படித்தவள் என்பதால், குமுதாவைப் பற்றி நீயே எழுது என்று எங்கள் பெண்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எழுதும்போது ஒரு ஆறுதலும் தோன்றவில்லை. குமுதா இருந்தபோது அடுத்து என்ன செய்வது என்று அவளிடம் கேட்கலாம். இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. பிடித்துப்போக அவர்களிடம் வண்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது.

நேற்று மத்தியானம் வடக்குப்பட்டில் என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மல்லிகா. இந்தத் தடவை நெற்றியில் காயம். குமுதா போன விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "எங்க போறதுன்னு தெரியலக்கா" என்றாள். ஜீப் மறுபடி வரும். இந்தத் தடவை ஏறப்போவது நான் என்று தெரியும். இதை எழுதுகிற இப்போதுகூட வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மல்லிகா உள்ளே தூங்குகிறாள். "சாப்டியா?" என்று கேட்டுத்தான் அவளை உள்ளே கூப்பிட்டேன். குமுதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.