வேன் நிறையத் தூக்கம், வெளியே மெட்ராஸ்

குன்றத்தூர் அமலா பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாள். அதுவும் மெட்ராஸ் போகிற பஸ் என்றால், பத்து சீட்டு காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவாள். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றவள். எட்டு மணி நேரமும் நிற்கிற வேலை. உட்காரக் கிடைப்பது ஷிப்டு பஸ்ஸில் மட்டும். சீட்டில் முதுகு பட்டதும் தூங்கிவிடுகிற வித்தை அந்த லைன் பெண்கள் அத்தனை பேருக்கும் கைவந்திருந்தது. டிரைவர் இரண்டாவது கியர் போடுவதற்குள் குறட்டை கேட்கும். ஒருநாள் பஸ் பஞ்சராகி, ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர் மாற்றி, ஊரே கூடி வேடிக்கை பார்த்துக் கலைந்தது. ஒருத்தியும் கண் திறக்கவில்லை. கம்பெனி வாசல் வேகத்தடையில் பஸ் குதித்தால்தான் விழிப்பு வரும். அப்போதும் கண் விழிப்பதற்கு முன்பே கை விழித்து ஐடி கார்டைத் தூக்கிக் காட்டும்.

அங்கே வேலை பார்த்த எல்லாப் பெண்களும் வீட்டில் சொன்னது, "மெட்ராஸ்ல வேல." மெட்ராஸ் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அமலா மட்டும் இதோடு நிறுத்தவில்லை. சாந்தோம் கோவிலில் பூசை, சாயங்காலம் கடற்கரை, ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் எதிரே லைட் ஹவுஸ் என்று போனில் அளந்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில் இருந்த ஹாஸ்டல் ஜன்னலில் தெரிந்தது பக்கத்துக் கம்பெனியின் தகரக் கூரை. கடலை அவள் பார்த்ததே இல்லை.

ஒருநாள் அம்மா ஞானம்மா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழம தாம்பரத்துல எறங்கறேன். உன் மெட்ராஸ சுத்திக் காட்டு. உங்கப்பன் மாப்ள பாத்து வச்சிகினு குதிக்கிறாரு. நீ நல்லாக் கீறன்னு கண்ணால பாத்துட்டா அவரு வாய நான் அடச்சிடுவேன். இல்லன்னா துணிமணிய மூட்ட கட்டிகினு என்கூட வந்துடு."

அமலா ஓடியது ஷிப்டு பஸ் டிரைவர் யேசுராஜிடம். ஞாயிறுகளில் வேன் எடுத்து ஹாஸ்டல் பெண்களுக்கு மெட்ராஸைச் சுற்றிக் காட்டுகிற ஆள் அவன். வழியில் வரும் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பான்.

"அண்ணா, எந்த ஜன்னலுன்னு எங்கம்மா கேட்டா எதனா ஒண்ணக் காட்டிடு."

"ஜன்னல் இன்னா ஜன்னல், வாசக்கதவையே காட்டறேன்."

சனி ராத்திரி ஷிப்டு முடிந்து, குளித்தும் குளிக்காமலும் பன்னிரண்டு பெண்கள் வேனில் ஏறினார்கள். தாம்பரம் பஸ் நிலைய வேகத்தடையில் அமலா விழித்தாள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "மொதல்ல கிண்டி வரும் பாரும்மா" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கத் தூங்கிப்போனாள்.

அடுத்து அவள் கண் திறந்தபோது சாயங்காலம். அதே வேகத்தடை. கை தன்பாட்டில் ஐடி கார்டை எடுத்து அம்மாவின் மூக்குக்கு நேரே காட்டியது. அம்மாவின் சேலைக் கரையில் ஈரமணல்.

"ஐயோ, நீ எதுவும் பாக்கலியாம்மா?"

"ஏன் பாக்காம? எழும்பூர் மியூசியத்துல திமிங்கல எலும்பு பாத்தேன், நம்ம ஊரு கோயிலு நீளம் கீது. சாந்தோம்ல முட்டி போட்டேன். கடல்ல கால நனச்சேன்."

"அப்பறம்... ஜன்னலு?"

"பாத்தேன்டி. மூணாவது மாடி, பச்ச ஜன்னலு. அழகாத்தான் கீது. கொஞ்சம் தொடைக்கக் கூடாதா? எவ்ளோ தூசி!"

மகளின் கையில் ஒரு கிளிஞ்சலை வைத்து அழுத்தினாள். "உங்கப்பன நான் பாத்துக்கறேன்" என்று செஞ்சி பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைப் பேச்சு எழவில்லை. ஞாயிறுதோறும் போனில் ஞானம்மா கடலைப் பற்றிப் பேசுவாள்; அமலா "ஆமாம்மா, ஆமாம்மா" என்பாள். அந்தக் கம்பெனியை மூடிய பிறகும் அமலா ஊர் திரும்பவில்லை. ஒரகடத்தில் வேறு வேலை, கல்யாணம், குன்றத்தூரில் வாடகை வீடு, மகள் ஜெர்சி என்று வருடங்கள் ஓடின.

இரண்டு வருடத்துக்கு முன் ஞானம்மாவை அடக்கம் செய்தார்கள். அன்றைக்குக் கல்லறைத் தோட்ட வாசலில் வைத்துத்தான், அடக்கத்துக்கு வந்திருந்த யேசுராஜ் சொன்னான்.

"பச்ச ஜன்னல நான் காட்டறேன், உங்கம்மா திரும்பியே பாக்கல அமலா. வேனுக்குள்ள பன்னெண்டு பேரும் வாயத் தொறந்துகினு தூங்கறதத்தான் பாத்துகினு நின்னாங்க. 'இந்த ஊர்லயே கீற பொண்ணுங்களுக்கு, கடலப் பாக்க இன்னாத்துக்கு தம்பி வேனு?'ன்னு கேட்டாங்க."

யேசுராஜ் வாழ்க்கையில் கதை வராமல் நின்ற ஒரே நிமிடம் அதுதானாம்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். எழுப்பட்டுமான்னேன். 'வேணாம், வண்டிய நெழல்ல நிறுத்து. இவ்ளோ ஆசையா பொய் சொல்றவள ஊருக்கு இட்டுகினு போனா அழுவா. நானே பாத்துட்டு வந்து சொல்றேன், அவளும் பாத்தாப்ல ஆவும்'னாங்க."

போன ஞாயிறு ஜெர்சியைக் கூட்டிக்கொண்டு அமலா கிளம்பினாள். குன்றத்தூரிலிருந்து கடற்கரை வரைக்கும் இரண்டு பஸ்.

"உக்காரும்மா, சீட்டு கீது."

"நீ உக்காரு."

திமிங்கல எலும்பு, சாந்தோம், கடல். அம்மா அன்றைக்குச் சொன்ன அதே வரிசையில் காட்டினாள். லைட் ஹவுஸுக்கு எதிரே நின்று ஜெர்சி கேட்டாள்.

"ஆயா பாத்த ஜன்னலு எதும்மா?"

அமலா ஒன்றைக் காட்டினாள்.

"அது நீலம்மா."

"அப்போ பச்சயா இருந்துச்சிடி. தூசி மட்டும் அப்டியே கீது பாரு."

திரும்பும் பஸ்ஸில் பார்க்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அமலா உட்கார்ந்தாள். டிரைவர் இரண்டாவது கியர் போட்டார். கண்டக்டர் வந்தபோது ஜெர்சி அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு குன்றத்தூர். கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணா."