சாரங்காவின் எண்பத்தேழு புள்ளி

யோகமலருக்கு முறைப்பாடு செய்யத் தெரியாது. டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். இத்தனை காலத்தில் அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்ததாக அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். அட்டவணையில் தொடர்ந்து மூன்று வார இறுதி வேலை போட்டாலும் பரவாயில்லை என்பாள். எட்டாம் அறைக் கிழவர் கோப்பியை அவள் மேல் கொட்டினாலும், கணினியில் "எல்லாம் வழமைபோல" என்று பதிந்துவிட்டுத்தான் சட்டை மாற்றப் போவாள். தங்கமான மனுசி என்று பெயர். அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இந்த வருடம் பெப்ரவரி மாதத்தில் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடிதம் வேலை நேரத்தில்தான் வந்தது. இந்த நாட்டில் அரசாங்கக் கடிதங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்து விழும். தபால்காரனைக் காணும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு நிமிடம் கிடைக்குமே, அதுவும் இல்லை. துணிகள் அடுக்கும் அறைக்குள் நின்று வாசித்தாள். மகள் சாரங்காவின் பாடசாலை அதிபர் எழுதியிருந்தார். சாரங்காவுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. பிள்ளைக்கு ஏன் வாசிப்பு ஏறவில்லை என்று நகரசபையின் உளவியலாளர் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று யோகமலர் கேட்டிருந்தாள். முடியாது என்று பதில்.

முடியாது என்பதை அவள் தாங்கியிருப்பாள். அதற்குச் சொன்ன காரணம்தான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. "பிள்ளை தாய்மொழியில் சரளமாக வாசிப்பதாகத் தாயாரே ஒக்டோபர் மாதக் கூட்டத்தில் தெரிவித்து, அதற்குச் சான்றிதழும் காட்டியுள்ளார். எனவே சிரமம் இரண்டு மொழிகளுக்கிடையே வளர்வதால் ஏற்படுவது என்று கருதுகிறோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் மேலதிக டெனிஸ் வகுப்பு வழங்கப்படும்."

தாயாரே. அந்த ஒரு சொல்லை அவள் நாலு தடவை வாசித்தாள்.

ஒக்டோபரில் நடந்தது இது. வகுப்பாசிரியை தகப்பனையும் தாயையும் கூப்பிட்டிருந்தார். எங்கள் ஆட்கள் இப்படியான கூட்டத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை. பிறப்புப் பத்திரம் தொடக்கம் நீச்சல் சான்றிதழ் வரை ஒரு கோப்பில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவோம். கேட்டார்களோ இல்லையோ, எடுத்து நீட்டுவோம். யோகமலரும் அப்படித்தான் போனாள். ஆசிரியை மெதுவாகத்தான் தொடங்கினார்: சாரங்கா நல்ல பிள்ளை, கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறாள், ஆனால் வாசிப்பதில்லை, உளவியலாளர் ஒரு தடவை பார்த்தால் நல்லது.

உளவியலாளர் என்ற சொல் காதில் விழுந்ததும் யோகமலரின் கை தானாகக் கோப்புக்குள் போனது. டெனிஸ்காரர் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பாளா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுத் தேர்வுச் சான்றிதழ், பளபளவென்று பிளாஸ்ரிக் உறைக்குள். தமிழ்மொழி, எண்பத்தேழு புள்ளி, அதிதிறமைச் சித்தி. "வீட்டில் நன்றாக வாசிக்கிறாள். ஒரு பிரச்சினையும் இல்லை," என்றாள். ஆசிரியை உண்மையிலேயே சந்தோசப்பட்டு, ஒரு பிரதி எடுக்கலாமா என்று கேட்டார். யோகமலர் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

சரி, அந்த எண்பத்தேழு எங்கிருந்து வந்தது? யோகமலர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே தமிழ்ப் பாடப்புத்தகத்தை உரத்து வாசிப்பாள். சாரங்கா இரண்டு தரம் கேட்டால் போதும், பாடம் முழுக்க வாயில் நிற்கும். பிறகு புத்தகத்தை விரித்து, வரிகளின் கீழே விரலை ஓட்டி, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பி "வாசிப்பாள்". பார்த்தவர்கள் மெய்மறந்து போவார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தேர்வுக்கு முதல் வாரம் மட்டும் தமிழ் படிப்பிக்கும் விமலராணி ரீச்சரிடம் போய், "ரீச்சர், பிள்ளையை விழ விட்டிடாதேங்கோ," என்று கேட்டாள். ரீச்சர் இளகிய மனம் உள்ளவர். தேர்வன்று சாரங்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைக் காதுக்குள் வாசித்துக் காட்டி, வாயால் சொன்ன விடைகளைத் தானே எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, எப்படி இருக்கும்?

கார்த்திகையில் வகுப்பாசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனார். பதிலுக்கு வந்த இளம் ஆசிரியர் எல்லாரையும் வரிசையாக எழுப்பி வாசிக்கவைத்தார். சாரங்காவுக்குக் காலையில் வயிற்றுவலி தொடங்கியது. திங்கள் வலி, செவ்வாய் வலி, சனி ஞாயிறு சுகம். தை மாதத்தில் ஒருநாள் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது: பிள்ளை ஒன்றரை மணி நேரமாகக் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், வந்து கூப்பிடுங்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் யோகமலர் ஒரு தாளில் "மரம்" என்று எழுதி, இது என்ன என்று கேட்டாள். சாரங்கா தாளைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்து, வாய் அசைகிறதா என்று காத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் யோகமலர் மதிப்பீடு கேட்டு எழுதினாள். இப்போது வந்த கடிதத்தின் அடியில், இந்த முடிவு பிடிக்காவிட்டால் நாலு கிழமைக்குள் முறையீடு செய்யலாம் என்று இருந்தது. முறையீட்டைக் கேட்க வேறு ஊரில் ஒரு சபை இருக்கிறது. ஆனால் கடிதத்தை முதலில் அதிபரிடமே கொடுக்க வேண்டும், அவர் தன் முடிவைத் திரும்பப் பார்த்தபின் சபைக்கு அனுப்புவார். யாரைப்பற்றிச் சொல்கிறோமோ அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது. பதினொரு வருடம் பரவாயில்லை என்று சொன்ன மனுசிக்கு நல்ல ஆரம்பம்தான்.

அதிபரின் பெயர் லோனே. இங்கே அதிபரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யோகமலர் தொலைபேசி எடுத்து, நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை என்றாள். லோனே கோபப்படவில்லை. "அப்படியென்றால் சான்றிதழ்?" என்று கேட்டார். ரீச்சரின் பெயரை இழுக்க யோகமலருக்கு மனம் வரவில்லை. "புதிதாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன். நீங்களே சொன்னதை நான் எப்படி இல்லையென்று எழுதுவது?" குரலில் அவ்வளவு அன்பு. கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் யோகமலருக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

கணவன் தவராஜா யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவனோடு காரில் ஒன்றாகப் போய் வருகிற மூன்று பேரும் தமிழர்கள். விசயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது.

"இஞ்சை பார், ஒருக்கா பேரிலை பதிஞ்சா பிறகு அழிக்கேலாது. பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரித்தான். நாளைக்கு ஆர் வந்து பிள்ளைக்கு மூளை சரியில்லை எண்டு கதைக்கிறது எண்டு தெரியுமே?"

"மூளைக்கு என்ன குறை? ஒரு புத்தகத்தை அப்பிடியே ஒப்புவிக்கிறாள். வாசிக்கத்தான் வருகுதில்லை."

"அப்ப நீ ஏன் போய் வாசிக்கிறாள் எண்டு சொன்னனீ?"

"நீங்களும் பக்கத்திலை இருந்து தலையாட்டினனீங்கள்தானே."

தவராஜா எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினான். பிறகு, "எழுதிறதெண்டா எழுது. என்னைக் கையெழுத்துப் போடக் கேளாதை," என்றான். அதற்கு மேல் அவனால் வர முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன்.

மிச்சம் இருந்தது ரீச்சர்தான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து, விமலராணி ரீச்சர் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்த நேரம் யோகமலர் உள்ளே போனாள். தேர்வில் நடந்ததை இரண்டு வரியில் எழுதித் தந்தால் போதும் என்று கேட்டாள். ரீச்சர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"யோகம், இருபத்திரண்டு வருசமாச் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறன். நான் அப்பிடி எழுதித் தந்தா, என்னட்டைப் படிச்ச எல்லாப் பிள்ளையளின்ரை புள்ளியையும் சனம் கிண்டும். இந்த வருசம் பன்ரண்டாம் வகுப்பு எழுதிற பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?"

"டெனிஸ் பள்ளிக்கூடத்துக்குத்தானே ரீச்சர். எங்கடை ஆக்களுக்குத் தெரியவராது."

"அந்தப் பள்ளிக்கூடத்திலை எத்தினை தமிழ்ப் பிள்ளையள் எண்டு உமக்குத் தெரியாதே?" இப்போதுதான் ரீச்சர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீர்தானே வந்து கேட்டனீர், விழ விட்டிடாதேங்கோ எண்டு. நான் எனக்காகவே செய்தனான்?"

யோகமலர் பலகை துடைக்கும் துணியை வாங்கி, மிச்சத்தைத் தானே துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் வெட்கமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. ஆத்திரப்படுவதற்கு ஆள்தான் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே நின்றாள்.

முறையீட்டைத் தானே எழுதினாள். வேலைத்தலத்தில் அறிக்கை எழுதிப் பழகிய டெனிஸ், சின்னச் சின்ன வசனம். "நான் கூட்டத்தில் உண்மை சொல்லவில்லை. என் மகள் வாசிப்பதில்லை. பாடங்களை மனப்பாடம் செய்கிறாள்." எழுதி முடித்துப் பார்த்தபோது அதை நம்புவதற்கு லோனேக்கு ஒரு காரணமும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அன்றைக்கு ஒன்று சொன்ன தாய், இன்றைக்கு வேறொன்று சொல்கிறாள், அவ்வளவுதான். ஆதாரம் வேண்டும். கொடுக்கக்கூடியவர் மாட்டேன் என்றுவிட்டார். நாலு கிழமைத் தவணை முடிய ஒருநாள் இருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து, சாரங்காவைக் குசினி மேசையில் இருத்தினாள். போன வருடத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, சந்தையைப் பற்றிய பாடத்தில் படமே இல்லாத ஒரு பக்கமாகப் பார்த்து விரித்து வைத்தாள். கைத்தொலைபேசியைப் பிடித்தாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"மயில் பாடத்தை வாசியுங்கோ, செல்லம். அம்மா வீடியோ எடுக்கிறன்."

சாரங்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலை முதல் வரியில் வைத்தாள். "மயில் அழகான பறவை. அதன் கழுத்து நீல நிறம்..." ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். விரல் தக்காளி விலைக்கும் கத்தரிக்காய் விலைக்கும் கீழாக ஊர்ந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளைக்குப் பொறி வைத்துவிட்டு அதைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று யோகமலருக்கு உறுத்தியது. கடைசி வரி முடிந்ததும் சாரங்கா தலையைத் தூக்கி, வழக்கம்போல டெனிஸில் கேட்டாள்.

"அம்மா, இது மயில் பக்கம் இல்லைத்தானே?"

"எப்பிடித் தெரியும்?"

"மயில் படம் இல்லை."

"பிறகேன் வாசிச்சனீங்கள்?"

சாரங்கா இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்பதுபோலத் தோளைக் குலுக்கினாள். "வாசிக்கச் சொன்னீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் அழுவீர்கள். முதலாம் வகுப்பில் ஒருநாள் சொன்னேன், நீங்கள் குளியலறைக்குள் போய் அழுதீர்கள். அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை."

கைத்தொலைபேசி இன்னும் பதிந்துகொண்டிருந்தது. சொன்னதெல்லாம் டெனிஸில். லோனேக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.

யோகமலர் பதிவை நிறுத்தினாள். இந்த முறை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்; அழுதால் பிள்ளை இனி ஒருநாளும் வாய் திறக்காது.

"இது யாருக்கு?" என்றாள் சாரங்கா.

"லோனேக்கு."

சாரங்காவின் முகம் காது வரை சிவந்தது. "லோனேக்கா? வேண்டாம் அம்மா, இதை அனுப்பாதீர்கள். பிழையான பக்கம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார். மயில் பக்கத்தைத் தாருங்கள், நான் திரும்ப வாசிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்ல யோகமலருக்கு வாய் வரவில்லை. மயில் பக்கத்தைத் தேடி விரித்துக் கொடுத்து, திரும்பவும் பதியத் தொடங்கினாள். சாரங்கா தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு வாசித்தாள். ஒரு பிழை இல்லை. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினாள். முடிவில் கமெராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"இப்போது சரியா?"

"ஓம், செல்லம். நல்லா வாசிச்சனீங்கள்."

"இதைத்தானே அனுப்புவீர்கள்?"

"ஓம்."

சாரங்கா துள்ளிக்கொண்டு விளையாடப் போனாள். யோகமலர் முறையீட்டுக் கடிதத்தைத் திறந்து, முதலாவது வீடியோவை இணைத்து அனுப்பினாள்.