பரீட்சை நாளில் கடற்பாசிச் சூப்

போங் மிரானுக்கு ஐம்பது வயது இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறை வந்தபோது பரீட்சை எழுதப் போனாள்.

எங்கள் கொரியாவில் முன்பெல்லாம் பிறந்த அன்றே ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் இன்னொரு வயது என்று கணக்கு. அந்தக் கணக்கில் மிரானுக்கு ஐம்பது வந்த ஜனவரியில் அவளோடு மனிதர் பேச முடியவில்லை. ஜூன் மாதம் அரசாங்கம் சட்டம் போட்டது. இனிமேல் ஊர் உலகம் மாதிரி பிறந்தநாளுக்குப் பிறந்தநாள்தான் வயது கூடும் என்றார்கள். ஒரே நாளில் அவளுக்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. மறுநாள் சபையில் விடியற்கால ஜெபம் முடிந்து, வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எசேக்கியா ராஜா அழுதப்ப கர்த்தர் அவருக்கு ஆயுசக் கூட்டிக் குடுத்தாருல்ல? சூரிய கடிகாரத்துல நெழல் பின்னாடி போச்சே."

"ஆமா, அதுக்கென்ன?"

"எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி போயிருக்கு. அத சும்மா கழிக்கக் கூடாது."

"மூஞ்சிக்கு நல்ல க்ரீமா வாங்கிப் போடு."

"படிக்கப் போறேன்க்கா."

நான் சிரித்தேன். மொக்போ துறைமுகத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள் நான், எதையும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பேன். அவள் சிரிக்கவில்லை.

மிரான் வீட்டுக்கு மூத்த பெண். தம்பிகள் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் அவளை இறால் உரிக்கும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். தம்பிகள் படித்தார்கள். இவள் இப்போது ஆரம்பப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்கிறாள். அங்கே உணவுப் பட்டியல் போடுவது படித்து வந்த ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் நல்லவள்தான். ஆனால் பிள்ளைகள் எந்தக் கீரையைத் தட்டோடு கொட்டுகிறார்கள் என்று பார்ப்பவள் மிரான். அந்தப் பட்டியலைத் தானே போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு ஊரிலிருக்கும் கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பில் சேர வேண்டும். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளுக்கு அடுப்படிதான். ஆராதனை முடிந்து சபை மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான் நடக்கும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கடற்பாசிச் சூப்பும் வைப்பாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது அந்தச் சூப்தான். அந்த நினைவில்தான் பிறந்தநாளுக்கும் அதைக் குடிக்கிறோம். அவள் பிறந்தநாளுக்கு யார் வைப்பார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தனக்கும் அவளேதான் வைத்துக்கொள்வாள், அல்லது வைக்காமல் விட்டுவிடுவாள்.

போதகர் ஒருமுறை மார்த்தாள், மரியாள் கதையைப் பிரசங்கித்தார். ஒருத்தி சமையலறையில் அல்லாடினாள், மற்றவள் ஆண்டவரின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள், உட்கார்ந்தவளே நல்ல பங்கைத் தேர்ந்தாள் என்றார். அன்றைக்கு மிரான் பாத்திரம் கழுவிய சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

"அன்னைக்கு அங்க சாப்பாடு நடந்துச்சா இல்லையா? அத மட்டும் யாரும் எழுதி வைக்கல." ஒரு தட்டை அடுக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நானும் ஒருதடவ ஒக்காரணும்க்கா. அடுப்படியிலருந்து காதுல விழுந்த வரைக்கும் போதும்."

இனி அவள் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். கூ தால்சூ, படகு இஞ்சின் பழுதுபார்ப்பவர். கடற்பாசி பயிரிடும் ஒரு தீவிலிருந்து வந்தவர். வாயைத் திறந்தால் காசு விழுந்துவிடும் என்பதுபோல இருப்பார். திறந்தாலோ ஊருக்கே கேட்கும், இஞ்சின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காய்கறி மூட்டையையும் மனைவியையும் சபை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மிரானின் விடியற்கால ஜெபம் அவரைப் பற்றியதுதான். ஜன்னல் ஓரம், ஓரம் கிழிந்த மெத்தைத் துண்டு ஒன்றின் மேல் முழங்காலிட்டு அதையேதான் கேட்பாள். எனக்கே மனப்பாடம். படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் "ம்" என்றாராம். அது சம்மதமா சலிப்பா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த ஒரு "ம்" அவளைப் பாடப் புத்தகத்தைவிட அதிகமாக வாட்டியது.

பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமமான தேர்வுகளை அவள் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். பிறகு கல்லூரிப் பரீட்சைக்குத் தேதி அறிவித்தார்கள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. சரியாக அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள்.

சபைப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கவலை, சூப். பாசி வழுக்கும். பரீட்சை நாளில் அதைக் குடித்தால் பரீட்சையிலும் வழுக்கிவிடும் என்பது இந்த நாட்டில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜவ்வு மிட்டாய்தான் கொடுப்போம். நாங்கள் விசுவாசிகள், நாள் பார்க்க மாட்டோம், குறி கேட்க மாட்டோம். ஆனால் இது வேறு. மூடநம்பிக்கையை விடுங்கள் என்று மேடையில் முழங்கிய போதகரின் வீட்டிலேயே மகள் பரீட்சைக்குப் போன அன்று பாசியைத் தொடாமல் முளைப்பயறு சூப்தான் வைத்தார்கள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் மிரானுக்குப் பயம் வந்துவிட்டது.

"எண்ணாகமத்துல பாத்தேன்க்கா. கர்த்தரோட கூடாரத்துல ஊழியம் பாத்த லேவியனே அம்பது வயசுல வேலைய விட்டு நின்னுருக்கான். நான் அம்பதுல ஆரம்பிக்கிறேன். கிறுக்கா எனக்கு?"

"அவன் நின்னது கூடாரம் சொமக்கிறத. நீயும் அண்டா சொமக்கிறத நிறுத்து. அவ்வளவுதான் அதுல இருக்கு."

வேதத்தை இப்படியா விளக்குவது என்று போதகர் கேட்டிருப்பார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் அவளைப் பரீட்சைக்கூடத்துக்குக் கூட்டிப் போக மிட்டாய்ப் பொட்டலத்தோடு போனேன். மாடிப்படியிலேயே எள்ளெண்ணெயும் சிப்பியும் வேகும் வாசனை. அது கடற்பாசிச் சூப்பின் வாசனை. இரண்டிரண்டு படியாக ஏறினேன். உள்ளே தால்சூ, எண்ணெய்க் கறை படிந்த சட்டை மேல் மனைவியின் சமையல் துணியைக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நின்றிருந்தார். காய்ந்த பாசியை ஒரு பிடி ஊறவைத்தால் ஒரு குடும்பத்துக்குக் காணும். மனிதர் பொட்டலம் மொத்தத்தையும் ஊறவைத்திருந்தார். தொட்டியில் பாசி, வாளியில் பாசி, சோற்றுப் பானையில் பாசி. அடுப்பில் அண்டா நிறையச் சூப்.

"வாங்க மதினி. சாப்பிடுங்க," என்று கத்தினார்.

மிரான் சாப்பாட்டுப் பலகைமுன் உட்கார்ந்திருந்தாள். அவர் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். "பொறந்தநாளு," என்றார்.  இத்தனை வருடத்தில் அவர் அவளுக்கு வைத்த முதல் சூப் அது. நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு மதியத்துக்கும் வெந்நீர்க் குடுவையில் சூப்பை ஊற்றத் தொடங்கியதும் அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"வேணாம்டி. வழியில ரொட்டி வாங்கித் தரேன், எந்திரி."

"பேதுரு தண்ணி மேலயே கால வச்சான்க்கா. அதவிடவா இது வழுக்கும்?"

"பேதுரு முங்கினான்."

"முங்கினப்ப ஆண்டவர் கை நீட்டினாருல்ல."

 ஒன்றரை வருட உழைப்பு அந்தக் கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தது. குடிக்காமல் எழுந்தால் அந்த மனிதரின் முகத்தை அவளால் மறக்க முடியாது. குடித்தாள். வழித்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபமும் அன்பும் சொல்லி முடியாது.

அவளை விட்டுவிட்டு நான் சபைக்குப் போனேன். பரீட்சைக்கூடத்தில் பிள்ளைகள் எழுதும் நேரமெல்லாம் இங்கே அம்மாக்கள் ஜெபிப்பார்கள். அங்கே கணக்கு என்றால் இங்கேயும் கணக்குக்கு ஜெபம். மதிய இடைவேளையில் கதவு திறந்தது. தால்சூ, கையில் அண்டா.

"நெறைய மிஞ்சிப் போச்சு. நீங்கல்லாம் காலையிலருந்து பட்டினின்னு அவ சொன்னா."

மூடியைத் திறந்தார். அம்மாக்கள் பாம்பைப் பார்த்ததுபோலப் பின்வாங்கினார்கள். மகன் இரண்டாம் முறையாக எழுதிக்கொண்டிருந்த சோ அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னைக்குப் போயி இதையா கொண்டு வருவீங்க? எம்புள்ள உள்ள எழுதிட்டு இருக்கான். வழுக்கி விட்டுரும்னு தெரியாதா?"

தால்சூ அண்டாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க தீவுல தெனமும் இதத்தான குடிச்சோம்." கொஞ்சம் யோசித்தார். "அதான் ஒருத்தனும் பாஸாகலையோ?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"மதினி, இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாப்ள."

"தெரிஞ்சுமா குடிச்சா?"

"ரெண்டு கிண்ணம்."

அண்டாவைத் தரையில் வைத்தார். "அவ எங்க ஒக்காருவா?" என்று கேட்டார். ஜன்னல் ஓரத்தைக் காட்டினேன். அந்தக் கிழிந்த மெத்தைமேல் போய் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜெபத்தை மெதுவாகச் செய்யலாம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இஞ்சின் அறையில் பேசுவதுபோலப் பேசினார்.

"ஐயா, நான் கூ தால்சூ. மிரான் வீட்டுக்காரன். சூப்பு வச்சது நான்தான், அவ மேல தப்பில்ல. வழுக்கணும்னா என்னைய வழுக்கி விடுங்க. அவ படிக்கிறப்ப நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு பாத்துட்டே இருப்பேன். நல்லாப் படிச்சா ஐயா. அவகிட்ட அத நான் சொன்னதில்ல."

 எனக்குப் பார்வை மங்கிவிட்டது. எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் ஊற்றி எல்லார் கண் முன்னாலும் குடித்தேன். உப்பு தூக்கல். பிறகு சோ அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் குடுங்க," என்றாள். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட ஐந்து அப்பத்தில் பன்னிரண்டு கூடை மிஞ்சியது. இங்கே ஒரு பாசித் துண்டுகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் பரீட்சை முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு இருவருமாகப் பள்ளி வாசலுக்குப் போனோம். குமரிப் பிள்ளைகளின் கூட்டத்துக்கு நடுவே, நரைத்த தலையும் வெந்நீர்க் குடுவையுமாக மிரான் வந்தாள்.

"வழுக்கிருச்சா?" என்று அவர் கேட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"கணக்குல நல்லா வழுக்கி விழுந்தேன். மத்ததுல நின்னுட்டேன்." குடுவையை ஆட்டிக் காட்டினாள், காலி. "உங்களுக்கு யாரு சொன்னா? அக்காவா?"

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, கடைசிச் சுற்றில், விழுந்தடித்துக்கொண்டு. மார்ச் முதல் கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தால்சூ குடுவையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஒன் மெத்த ஓரமெல்லாம் கிழிஞ்சு கெடக்கு," என்றார்.

"எந்த மெத்த?"

"சபையில. ஜன்னல்கிட்ட. மத்தியானத்துலருந்து அதுலதான் ஒக்காந்திருந்தேன், குத்துது. ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுசு வாங்கணும். ரெண்டா வாங்கிருவோம்."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மிரான் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தால்சூ என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியால் அவளுக்கு விசிறினார், நவம்பர் குளிரில். அவளோடு ஒரே அறையில் எழுதிய பெண் ஒருத்தி அந்த வழியாக வந்தாள். குனிந்து அவள் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்க ஆன்ட்டி. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

மிரான் முகத்திலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினாள்.