திருக்கை வாங்காத வீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் நேற்று போனில் ஒரு பழைய போர்க்கப்பல் படத்தை அனுப்பி, “இதுலதானே உங்க அண்ணன் இருந்தாரு?” என்று கேட்டிருந்தார். கப்பலின் பெயர் பாரி. மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்வது நம் திருக்கை மீனைத்தான். தட்டையாகக் கிடக்கிற மீனின் பெயரைப் போய் ஏன் வைத்தார்கள் என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். “வால்ல முள்ளு இருக்குலா” என்றான்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கடல் ஞாபகம் வரவில்லை. சம்பால் மிளகாய் விழுது தடவி வாழையிலையில் வாட்டிய திருக்கை வாசம்தான் மூக்கில் ஏறியது. கிள்ளானில் எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. அண்ணன் கடலில் இருக்கும்வரை அம்மா திருக்கை வாங்க மாட்டார். “அவன் ஏறிப் போன கப்பலோட பேரு. அது மேல கத்தி வைக்கலாமா?” என்பார். அண்ணன் லீவில் வந்து வாசப்படி மிதித்த பிறகுதான் மீன் வாங்கப் பாசாருக்கு ஆள் போகும். ஆள் நான்தான். பக்கத்துக் கேத்தாம் தீவுக்குப் போகிற படகிலேயே வாந்தி எடுக்கிறவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள், சொல்லுங்கள். அந்தச் சட்டத்தை நினைத்து நானும் அண்ணனும் சிரிப்போம், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து அண்ணன் போன் செய்தான். “கெளம்பிட்டேம்மா, மத்தியானம் வந்துருவேன்.” கப்பலை விட்டுத்தான் இறங்கிவிட்டானே, இனி என்ன பயம் என்று அம்மா அன்று தானே பாசாருக்குப் போய்த் திருக்கை வாங்கிவந்து வெட்டினார். வழியில் சபாக் பெர்ணம் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அண்ணனின் மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது. சேதி வந்தபோது மீன் அடுப்பில் இருந்தது.

“வாசப்படி மிதிக்கறதுக்குள்ள வெட்டிட்டேனே” என்பதைத் தவிர அம்மா வேறெதுவும் சொல்லி அழவில்லை. லோரிக்காரன் தூங்கிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. நானும் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. மகனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் வாழ்ந்தார். எனக்கும் அந்த லோரிக்காரனைவிட மீன் மேல்தான் ஆத்திரம் வந்தது. பைத்தியக்காரத்தனம்தான்.

இப்போது அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் அழிந்துவிட்டது. போன மாதம் ஜெஞ்சாரோமில் தங்கை வீட்டில் இருந்தோம். விஷயம் தெரியாத பக்கத்து வீட்டு அக்கா திருக்கைக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். நாங்கள் தடுப்பதற்குள் அம்மா சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு. இத ஏன் நம்ம வீட்ல ஆக்கறதே இல்ல?”

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். இத்தனை வருஷம் அவரை அரித்துக்கொண்டிருந்த குற்ற உணர்வு போய்விட்டது, அந்த மட்டும் நல்லது. போகிற போக்கில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.